உச்சமும் சராசரியும்: ராடார் செலவிடும் திறனின் கணக்கு

கண் எவ்வாறு காண்கிறது என்னும் வினா மிகப் பழைமையானது. கண்ணிலிருந்து கதிர்கள் புறப்பட்டுச் சென்று பொருள்களைத் தொடுகின்றன. அவ்வாறு தொடுவதாலேயே பார்வை உண்டாகிறது என யூக்ளிட், தாலமி முதலிய கிரேக்க அறிஞர்கள் கருதினர். கி.பி. 965இல் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த இப்னுல் ஹைதம், ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் தமது ஒளியியல் பெருநூலில் இக்கருத்தை மறுத்தார். பேரொளியை நோக்கும் கண் கூசி வருந்துவதை அவர் சுட்டிக்காட்டினார். ஒளி வெளியிலிருந்து கண்ணுக்குள் வருகிறதேயன்றி, கண்ணிலிருந்து வெளியே செல்வதில்லை என்பதே அவர் கண்ட முடிவு. அம்முடிவு பின்னர் இலத்தீன் மொழிபெயர்ப்பின் வழியே ஐரோப்பாவை அடைந்து, அங்கு ஒளியியல் வளர்வதற்கு அடித்தளமாயிற்று.

கண்ணைப் பொறுத்தவரை இப்னுல் ஹைதம் கூறியதே உண்மை. எனினும், கிரேக்கர்கள் கண்ணின் மீது ஏற்றிச் சொன்ன வேலையை மெய்யாகவே செய்யும் கருவியொன்றை இருபதாம் நூற்றாண்டு ஆக்கித் தந்தது. அதுவே ராடார். அது தானே அலைகளை அனுப்புகிறது. அவை விமானத்தின் மீதோ மழைத்துளிகளின் மீதோ பட்டுத் திரும்பும்போது அவற்றை ஏற்று, பொருள் எங்கே உள்ளது என அறிகிறது. இருளும் மேகமும் அதற்குத் தடையல்ல.

இவ்விரு பார்வைகளுக்கும் இடையே ஒரு பெரும் வேறுபாடு உண்டு. நம் கண் காண்பதற்கான ஒளியைச் சூரியனோ விளக்கோ வழங்குகிறது. கண் எதையும் செலவிடுவதில்லை. ராடாரோ தான் காண விரும்பும் ஒவ்வொன்றுக்கும் தன் கைப்பொருளைச் செலவிட்டாக வேண்டும். ஆகவே, ‘எவ்வளவு செலவிடுகிறோம்?’ என்னும் கேள்வி அதன் பிறப்பிலேயே உடன்பிறந்தது. இக்கேள்விக்கு இரண்டு விடைகள் உண்டு: ஒன்று உச்சத் திறன், மற்றது சராசரித் திறன். முதலாவது எண் நம்மை வியக்கச் செய்யும். இரண்டாவது எண்ணே உண்மையான வரவு செலவைக் கூறும். அவ்விரண்டாம் எண்ணைக் கணக்கிடும் முறையையும், அதில் நேரும் பிழையின் விளைவையும் இக்கட்டுரையில் காண்போம்.

கொல்லும் கதிரும் காணும் கதிரும்

ராடாரின் வரலாறே ஒரு திறன் கணக்கில்தான் தொடங்கியது. 1935ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பகை விமானங்களைக் குறித்த அச்சம் பிரித்தானியாவை ஆட்கொண்டிருந்தது. வானொலி அலைகளைக் குவித்து, பறக்கும் விமானியைச் செயலிழக்கச் செய்யும் ‘மரணக் கதிர்’ ஒன்றை உருவாக்க இயலுமா என விமானத்துறை அமைச்சகம் அறிய விரும்பியது. வானொலி ஆய்வு நிலையத்தின் தலைவரான ராபர்ட் வாட்சன்-வாட், இவ்வினாவை உருமாற்றித் தம் உதவியாளர் ஆர்னால்ட் வில்கின்ஸிடம் அளித்தார். ஐந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள எட்டுப் பைண்ட் நீரை 98 பாகை ஃபாரன்ஹீட்டிலிருந்து 105 பாகைக்குச் சூடாக்க எவ்வளவு வானொலித் திறன் வேண்டும் என்பதே அவர் தந்த கணக்கு. எட்டுப் பைண்ட் என்பது மனித உடலின் குருதி அளவு. 98 பாகை என்பது உடலின் வெப்பம். கேட்கப்படுவது எதைப் பற்றி என்பதை வில்கின்ஸ் உடனே உணர்ந்துகொண்டார்.

அக்கணக்கை நாமும் எளிய முறையில் போட்டுப் பார்க்கலாம். எட்டுப் பைண்ட் நீர் ஏறத்தாழ நாலரை லிட்டர். வெப்ப உயர்வு ஏழு பாகை ஃபாரன்ஹீட், அதாவது நான்கு பாகை செல்சியஸுக்குச் சற்றுக் குறைவு. இதற்கு ஏறத்தாழ 74,000 ஜூல் ஆற்றல் தேவை. பத்து நிமிடத்தில், அதாவது 600 நொடிகளில் இது சேர வேண்டுமெனில், நொடிக்கு 123 ஜூல், அதாவது 123 வாட் திறன் அவ்வுடலுக்குள் புக வேண்டும். இது சிறிய அளவுதான். ஆனால் அலைபரப்பியிலிருந்து எல்லாத் திசைகளிலும் பரவும் அலை, ஐந்து கிலோமீட்டர் தொலைவை அடையும்போது 31 கோடியே 40 இலட்சம் சதுர மீட்டர் பரப்புடைய கோளமாக விரிந்துவிடுகிறது. அதில் ஒரு மனித உடல் மறிப்பது ஒரு சதுர மீட்டர் எனக் கொண்டால், அலைபரப்பி ஏறத்தாழ 3,900 கோடி வாட் திறனை இடைவிடாது வழங்க வேண்டியிருக்கும். அலையை ஒரே திசையில் ஆயிரம் மடங்கு குவித்தாலும், 3 கோடியே 90 இலட்சம் வாட் வேண்டும். அதுவும் பறந்து செல்லும் விமானி பத்து நிமிடம் அசையாது கதிருக்குள் இருக்க வேண்டும்!

மரணக் கதிர் இயலாது என்று வில்கின்ஸின் கணக்கு தெளிவாகக் கூறியது. ஆனால் அவர் அத்துடன் நிற்கவில்லை. விமானங்கள் அருகே பறக்கும்போது வானொலி அலைகள் குலைவதை அஞ்சல் துறைப் பொறியாளர்கள் முன்னரே கண்டு எழுதியிருந்தது அவர் நினைவுக்கு வந்தது. விமானத்தைச் சூடாக்கப் போதாத சிறு திறன், அதன்மீது பட்டுத் திரும்பி ஓர் ஏற்பியில் உணரப்படுவதற்குப் போதுமா? கணக்கிட்டபோது, போதும் என்றே விடை வந்தது. அதே ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள், டேவன்ட்ரியில் பி.பி.சி. ஒலிபரப்பி வெளியிட்ட 49 மீட்டர் அலைகளைக் கொண்டு, ஏறத்தாழ எட்டு மைல் தொலைவு வரை ஹேஃபோர்டு வகைக் குண்டுவீச்சு விமானம் ஒன்றின் எதிரொலியை அவர்கள் கண்டறிந்தனர். அழிக்க முடியுமா என்று கேட்கப்பட்ட கேள்வி, நேர்மையான ஒரு கணக்கினால் காண முடியுமா என்னும் கேள்வியாக மாறியது.

துடிப்பாக அனுப்புவது ஏன்?

டேவன்ட்ரியில் வெளிப்பட்ட அலை தொடர்ச்சியானது. விமானம் ஒன்று உண்டு என்பதை அது காட்டியதேயன்றி, எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதைக் காட்டவில்லை. இடைவிடாது பேசுபவருக்குத் தம் குரலின் எதிரொலி எந்தச் சொல்லுக்கு உரியது என்று தெரியாதல்லவா? ஒரு சொல்லைச் சொல்லி நிறுத்தி, அது மலையில் பட்டுத் திரும்பும் வரை காத்திருந்தால்தான் மலையின் தொலைவை அளக்க முடியும்.

ராடாரும் அதையே செய்கிறது. மிகக் குறுகிய நேரம் அலையை அனுப்பி நிறுத்துகிறது. அதுவே ஒரு துடிப்பு. பின்னர் நெடுநேரம் மௌனமாக இருந்து எதிரொலியைக் கேட்கிறது. வானொலி அலை நொடிக்கு 3,00,000 கிலோமீட்டர் செல்கிறது. ஒரு மைக்ரோநொடியில், அதாவது நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கில், 300 மீட்டர் செல்கிறது. சென்று திரும்ப வேண்டியிருப்பதால், எதிரொலி தாமதிக்கும் ஒவ்வொரு மைக்ரோநொடிக்கும் பொருளின் தொலைவு 150 மீட்டர் எனக் கொள்ள வேண்டும்.

இதிலிருந்து இரண்டு விதிகள் பிறக்கின்றன. துடிப்பு நீண்டால், அருகருகே உள்ள இரு பொருள்களின் எதிரொலிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஆகவே நுணுக்கமாகக் காணத் துடிப்பு குறுகியிருக்க வேண்டும். அடுத்த துடிப்பை விரைந்து அனுப்பிவிட்டால், தொலைவிலிருந்து தாமதமாக வரும் எதிரொலி எந்தத் துடிப்புக்கு உரியது என்பதில் குழப்பம் நேரும். ஆகவே நெடுந்தொலைவு காணத் துடிப்புகளுக்கிடையே இடைவெளி நீண்டிருக்க வேண்டும். சுருங்கக் கூறின், குறைவாகப் பேசி நிறையக் கேட்பதே ராடாரின் இயல்பு. இந்த இயல்பே உச்சத் திறனுக்கும் சராசரித் திறனுக்கும் இடையே மாபெரும் இடைவெளியை உண்டாக்குகிறது.

கணக்கின் மூன்று எண்கள்

சராசரித் திறனைக் கணக்கிட மூன்று எண்கள் போதும். முதலாவது, துடிப்பு நிகழும் கணத்தில் அலைபரப்பி வழங்கும் உச்சத் திறன். இரண்டாவது, ஒரு துடிப்பு நீடிக்கும் கால அளவு. மூன்றாவது, ஒரு நொடியில் எழும் துடிப்புகளின் எண்ணிக்கை.

உச்சத் திறனைத் துடிப்பின் கால அளவால் பெருக்கினால், ஒரு துடிப்பில் அடங்கிய ஆற்றல் ஜூல் கணக்கில் கிடைக்கும். அதனை ஒரு நொடியில் எழும் துடிப்புகளின் எண்ணிக்கையால் பெருக்கினால், ஒரு நொடியில் செலவான ஆற்றல் கிடைக்கும். ஒரு நொடியில் செலவாகும் ஆற்றலே திறன் என்பதால், இதுவே சராசரித் திறன்:

சராசரித் திறன் = உச்சத் திறன் × துடிப்பின் கால அளவு × ஒரு நொடியில் எழும் துடிப்புகள்

பின்னிரண்டு எண்களின் பெருக்கத்தைப் பணி விகிதம் என்பர். மொத்த நேரத்தில் எத்தனை பங்கு நேரம் ராடார் பேசுகிறது என்பதை அது காட்டும்.

பிரித்தானியாவின் கிழக்கு, தென்கிழக்குக் கரைகளில் ‘செயின் ஹோம்’ என்னும் பெயரில் எழுந்த ராடார் நிலையங்களை முதல் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1939 செப்டம்பரில் போர் மூண்டபோது அவ்வகை நிலையங்கள் ஏறத்தாழ இருபது இயங்கின. 1940இல் நிகழ்ந்த வான்போரில் ஜெர்மானிய விமானங்கள் கடலைக் கடக்கும் முன்பே அவற்றை அறிவித்தவை இவையே. தொடக்கத்தில் அவற்றின் உச்சத் திறன் 350 கிலோவாட். துடிப்பின் கால அளவு பொதுவாக 20 மைக்ரோநொடி. ஒரு நொடியில் 25 துடிப்புகள்.

3,50,000 வாட்டை 20 மைக்ரோநொடியால் பெருக்கினால் ஒரு துடிப்பின் ஆற்றல் 7 ஜூல். அதை 25ஆல் பெருக்கினால் 175 வாட். இதுவே அந்நிலையத்தின் சராசரித் திறன்! நம் வீடுகளில் சுழலும் பழைய வகை மின்விசிறி ஒன்று ஏறத்தாழ 75 வாட் உண்ணும். 110 மீட்டர் உயர எஃகுக் கோபுரங்களிலிருந்து ஒரு நாட்டின் வானத்தைக் காத்த அலைகளின் சராசரித் திறன், இரு மின்விசிறிகளுக்கும் ஒரு சிறு விளக்குக்கும் ஆகும் அளவுதான்.

வேறு வழியிலும் இதனைச் சரிபார்க்கலாம். நொடிக்கு 25 துடிப்புகள் எனில், ஒரு துடிப்பின் தொடக்கத்திலிருந்து அடுத்ததன் தொடக்கம் வரை 40,000 மைக்ரோநொடி. அதில் 20 மைக்ரோநொடி மட்டுமே அலை வெளிப்படுகிறது. ஆகவே பணி விகிதம் இரண்டாயிரத்தில் ஒன்று. 3,50,000ஐ 2,000ஆல் வகுத்தால் அதே 175 கிடைக்கிறது. ஒரு மணி நேரம் இயங்கிய நிலையம் உண்மையில் அலை வெளியிட்டது 1.8 நொடி மட்டுமே.

அந்நிலையங்கள் ஏன் அவ்வளவு மெதுவாகத் துடித்தன என்பதும் அறியத்தக்கது. அவை 10 முதல் 13 மீட்டர் வரையிலான அலைநீளங்களைப் பயன்படுத்தின. அத்தகைய அலைகள் அயனி மண்டலத்தில் பட்டு வளைந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள நிலத்தில் மோதி மீளக்கூடியவை. துடிப்புகள் நெருக்கமாக வந்தால், அத்தொலைதூர எதிரொலிகள் அருகிலுள்ள விமானத்தின் எதிரொலி போலத் தோன்றி மயக்கும். 40,000 மைக்ரோநொடி காத்திருந்தால் 6,000 கிலோமீட்டர் வரையிலான எதிரொலிகள் வந்து அடங்கிவிடும். சராசரித் திறனை உயர்த்தும் எளிய வழியை அவர்கள் அறியாதிருந்தாரல்லர். தெளிவின் பொருட்டு அதனைத் துறந்தனர்.

மழையைக் காணும் ராடார்

அமெரிக்காவில் 1990களில் நிறுவப்பட்டு, பின்னர் புதுப்பிக்கப்பட்டு இயங்கிவரும் ‘நெக்ஸ்ராட்’ என்னும் வானிலை ராடார்கள் ஏறத்தாழ 160 உள்ளன. சூறாவளி, பெருமழை, வெள்ளம் ஆகியவற்றுக்கான எச்சரிக்கைகள் பெரிதும் இவற்றையே நம்பியுள்ளன. இவற்றின் அலைநீளம் ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர். 2002இல் சென்னைத் துறைமுகப் பகுதியில் நிறுவப்பட்ட டாப்ளர் ராடாரும் இதே அலைநீள வகையைச் சேர்ந்ததே.

நெக்ஸ்ராடின் உச்சத் திறன் 750 கிலோவாட் எனவும், குறுந்துடிப்பின் கால அளவு 1.57 மைக்ரோநொடி எனவும், நொடிக்கு 1,000 துடிப்புகள் எனவும் கொள்வோம். ஒரு துடிப்பின் ஆற்றல் 1.18 ஜூல், சராசரித் திறன் ஏறத்தாழ 1,180 வாட். சமையலறையில் உணவைச் சூடாக்கும் நுண்ணலை அடுப்பு வழங்கும் திறனை விட இது சற்றே அதிகம். ஒரு மணி நேரத்தில் இந்த ராடார் பேசும் நேரம் ஏறத்தாழ 5.7 நொடி, எஞ்சிய 59 நிமிடம் 54 நொடிக்கும் மேலாக அது கேட்டுக்கொண்டே இருக்கிறது.

அதே ராடார், மெல்லிய தூறலையோ பனிப்பொழிவையோ தேடும்போது நெடுந்துடிப்புக்கு மாறக்கூடியது. அப்போது துடிப்பின் கால அளவு ஏறத்தாழ 4.7 மைக்ரோநொடி, எண்ணிக்கை நொடிக்கு ஏறத்தாழ 320. உச்சத் திறன் மாறுவதில்லை. கணக்கிட்டால் ஒரு துடிப்பின் ஆற்றல் 3.5 ஜூல், சராசரித் திறன் ஏறத்தாழ 1,130 வாட். இரு முறைகளிலும் சராசரித் திறன் ஏறக்குறைய ஒன்றே என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அலையை உண்டாக்கும் குழலும் அதற்கு மின்னூட்டும் சுற்றுகளும் தாங்கக்கூடிய வெப்பத்துக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை வகுப்பது சராசரித் திறனே. ஆகவே துடிப்பு மூன்று மடங்கு நீளும்போது, எண்ணிக்கை ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகக் குறைகிறது. வருவாய் மாறாத குடும்பம், சிறு செலவுகள் பலவற்றைச் செய்யலாம்; அல்லது பெருஞ்செலவுகள் சிலவற்றைச் செய்யலாம். அதுபோன்றதே இது.

கண்டறியும் ஆற்றலையும் இச்சராசரியே தீர்மானிக்கிறது. ஆன்டெனா நொடிக்கு 20 பாகை வேகத்தில் சுழல்வதாகவும், அலைக்கற்றையின் அகலம் ஒரு பாகை எனவும் கொண்டால், வானத்தின் ஓர் இடம் நொடியின் இருபதில் ஒரு பங்கு நேரம் கற்றைக்குள் இருக்கும். அந்நேரத்தில் 50 துடிப்புகள் அத்திசையில் செல்லும். அவற்றின் மொத்த ஆற்றல் 50 × 1.18, அதாவது ஏறத்தாழ 59 ஜூல். சராசரித் திறனான 1,180 வாட்டை நோக்கும் நேரத்தால் பெருக்கினாலும் இதே விடைதான். ஒரு துடிப்பின் எதிரொலி இரைச்சலில் அமிழ்ந்து போகலாம். ஐம்பதையும் சேர்த்து நோக்கினால் மெய்யான எதிரொலி மேலெழுந்து நிற்கும். ஒருமுறை எவ்வளவு உரக்கப் பேசினோம் என்பதைவிட, மொத்தத்தில் எவ்வளவு ஆற்றலை ஒரு திசையில் செலுத்தினோம் என்பதே இங்கே பயன் தருகிறது.

அளவையிலிருந்து உச்சத்தை அறிதல்

இதுவரை உச்சத்திலிருந்து சராசரியைக் கணக்கிட்டோம். நடைமுறையில் இக்கணக்கு பெரும்பாலும் தலைகீழாகவே நிகழ்கிறது. வெப்பத்தால் இயங்கும் திறன்மானியால் நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கைப் பிடித்துப் பார்க்க இயலாது. அது உணர்வது சராசரியை மட்டுமே. ஆகவே சராசரியை அளந்து, பணி விகிதத்தால் வகுத்து, உச்சத்தை அறிகின்றனர்.

முழுத் திறனையும் அளவைக் கருவிக்குள் செலுத்தினால் அது எரிந்துவிடும். எனவே அலை செல்லும் குழாயில் இணைப்பி ஒன்றைப் பொருத்தி, தேவையான தணிப்பிகளையும் சேர்த்து, ஒரு சிறு பங்கை மட்டும் எடுப்பர். எடுக்கப்படும் பங்கு இலட்சத்தில் ஒன்று எனவும், மானி 11.8 மில்லிவாட் காட்டுகிறது எனவும் கொள்வோம். இலட்சத்தால் பெருக்கினால் சராசரித் திறன் 1,180 வாட். நொடிக்கு 1,000 துடிப்புகள் என்பதால், ஒரு துடிப்பின் ஆற்றல் 1.18 ஜூல். அதை 1.57 மைக்ரோநொடியால் வகுத்தால் உச்சத் திறன் ஏறத்தாழ 752 கிலோவாட். அலைபரப்பி நலமாக உள்ளது என அறியலாம்.

பொறியாளர்கள் இதே கணக்கை டெசிபெல் அளவில் கூட்டிக் கழித்தும் செய்வர். ஒரு மில்லிவாட்டை அடிப்படையாகக் கொண்டால் 750 கிலோவாட் என்பது 88.7 டெசிபெல். 1.57 மைக்ரோநொடி, 1,000 துடிப்பு என்னும் பணி விகிதம் 28 டெசிபெல் இழப்புக்குச் சமம். கழித்தால் 60.7, அதுவே 1,180 வாட். இலட்சத்தில் ஒரு பங்கு எடுப்பது மேலும் 50 டெசிபெல் கழிவு. மானியில் 10.7 டெசிபெல் தெரியும், அது 11.8 மில்லிவாட்டே.

இம்முறையில் ஒரு நுணுக்கம் உண்டு. துடிப்பின் கால அளவு மாறியதை அறியாமல் வகுத்தால் விடை பிழைபடும். சுற்று ஒன்றின் கோளாறால் துடிப்பு 1.57க்குப் பதிலாக 1.4 மைக்ரோநொடியே நீடிக்கிறது எனக் கொள்வோம். உச்சத் திறன் 750 கிலோவாட்டாகவே இருந்தாலும் சராசரி 1,050 வாட்டாகக் குறையும். பழைய கால அளவால் வகுப்பவருக்கு உச்சத் திறன் 669 கிலோவாட் என்றே விடை வரும். அவர் விலையுயர்ந்த குழல் தளர்ந்துவிட்டது என்று முடிவு செய்வார். கோளாறோ துடிப்பை அளவிட்டு வெட்டும் சுற்றில் இருக்கும். ஆகவேதான் மூன்று எண்களையும் தனித்தனியே அளந்து சரிபார்ப்பது முறையாயிற்று. துடிப்பின் வடிவம் செங்குத்தாக எழுந்து செங்குத்தாக விழாமல் சாய்ந்திருக்குமாயின், அதே ஆற்றலைக் கொண்ட செவ்வகத் துடிப்பின் கால அளவைக் கொள்வதே சரியாகும்.

பிழையின் விலை

சில வாட்டுகள் கூடினாலோ குறைந்தாலோ என்ன என்று தோன்றலாம். விடை மழைக்கணக்கில் உள்ளது. வானிலை ராடார் மழையை நேரடியாக அளப்பதில்லை. அனுப்பிய ஆற்றலையும் திரும்பிய ஆற்றலையும் ஒப்பிட்டு மழையின் வீதத்தை ஊகிக்கிறது. நெக்ஸ்ராட் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் பொதுவிதியின்படி, எதிரொலியின் வலிமை மழைவீதத்தின் 1.4 அடுக்குக்கு நேர்விகிதத்தில் உள்ளது.

அலைபரப்பியின் திறன் பாதியாகக் குறைந்துவிட்டது; கணினியோ பழைய திறனே செல்கிறது என நம்பியிருக்கிறது எனக் கொள்வோம். திரும்பும் எதிரொலியும் பாதியாகும். கணினி அதனைக் குறைந்த மழை எனப் படிக்கும். மேற்கண்ட விதிப்படி, மெய்யான மழையில் 61 சதவீதமே அதன் கணக்கில் வரும். 100 மில்லிமீட்டர் கொட்டிய இடத்தில் 61 மில்லிமீட்டர் என்று திரையில் தோன்றும். திறன் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே மழைக்கணக்கு 15 சதவீதம் குறைந்துவிடும். ஆற்றங்கரையில் உறங்கும் மக்களை எழுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்பவருக்கு இந்த வேறுபாடு சிறியதன்று. அலைபரப்பியின் திறனை இடைவிடாது அளந்து கணினிக்கு அறிவிக்கும் ஏற்பாடு இதனாலேயே வேண்டப்படுகிறது.

2011 முதல் 2013 வரை நெக்ஸ்ராட் ராடார்கள் அனைத்தும் கிடைநிலை, செங்குத்து என இருவகை அலைகளையும் ஒருசேர அனுப்புமாறு மாற்றப்பட்டன. ஒரே அலைபரப்பியின் திறன் இரண்டாகப் பகுக்கப்பட்டதால் ஒவ்வொன்றுக்கும் பாதியே கிடைத்தது. மிக மெல்லிய எதிரொலிகளை உணரும் திறன் அந்த அளவுக்குக் குறைந்தது. ஆயினும் மழைத்துளியையும் ஆலங்கட்டியையும் வேறுபடுத்தி அறியும் பயன் கிட்டியது. இது தெரிந்தே செய்த செலவு. கணக்கில் எழுதப்பட்ட செலவு. கணக்கில் வராத இழப்பே தீங்கு விளைவிப்பது.

திறனைப் பெருக்கினால் போதுமா?

இன்னும் தொலைவில் காணத் திறனை உயர்த்திவிடலாமே என்று கேட்கலாம். இயற்கை அதற்கு எளிதில் இடம் தருவதில்லை. அலை செல்லும்போது தொலைவின் இருமடிக்கேற்ப மெலிகிறது. விமானத்தில் பட்டுத் திரும்பும்போது மீண்டும் அவ்வாறே மெலிகிறது. ஆகவே திரும்பி வரும் திறன் தொலைவின் நான்மடிக்கு எதிர்விகிதத்தில் உள்ளது. சராசரித் திறனை இருமடங்காக்கினால் விமானம் தென்படும் தொலைவு 19 சதவீதமே கூடும். தொலைவை இருமடங்காக்க வேண்டுமெனில் திறனைப் பதினாறு மடங்காக்க வேண்டும்.

எனவே பொறியாளர்கள் வேறு வழியை நாடினர். துடிப்பை நீட்டி, அதற்குள் அலையின் அதிர்வெண்ணைச் சீராக மாற்றிக்கொண்டே செல்வர். திரும்பும் எதிரொலியைக் கணக்கீட்டின் மூலம் குறுந்துடிப்பு போலச் சுருக்குவர். இதனைத் துடிப்புச் சுருக்கம் என்பர். 750 கிலோவாட் உச்சத் திறனில் 1.57 மைக்ரோநொடி தரும் ஆற்றலை, 20 கிலோவாட் உச்சத் திறனில் 60 மைக்ரோநொடித் துடிப்பும் தந்துவிடும். சராசரி ஏறத்தாழ ஒன்றே. உச்சமோ முப்பத்தேழில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. பெருங்குழல்களுக்கு மாற்றாகக் குறைகடத்திச் சில்லுகள் ராடாரில் இடம்பெற இதுவே வழி திறந்தது. இதற்கும் ஒரு விலை உண்டு. 60 மைக்ரோநொடி பேசிக்கொண்டிருக்கும் ராடார் அந்நேரத்தில் கேட்க இயலாது. ஆகவே தன்னைச் சுற்றிய ஒன்பது கிலோமீட்டருக்கு அது குருடாகும். அக்குறையை நீக்க, இடையே ஒரு குறுந்துடிப்பையும் அனுப்ப வேண்டும். வாகனங்களில் பொருத்தப்படும் ராடார்களில் பெரும்பாலானவையோ அலையைத் தொடர்ச்சியாகவே வெளியிடுகின்றன. அவற்றில் உச்சமும் சராசரியும் ஒன்றே, அதுவும் ஒரு வாட்டினும் மிகக் குறைவு.

ராடாரின் அருகே வாழ்வோர் அதன் கதிர்வீச்சை அஞ்சுவதும் உண்டு. 7,50,000 வாட் என்னும் எண்ணைக் கேட்டால் அச்சம் எழுவது இயல்பே. ஆனால் இவ்வலைகளால் உடலில் உண்டாகும் வெப்பத்தைத் தீர்மானிப்பது சராசரியே. பன்னாட்டுப் பாதுகாப்பு நெறிகளும் சில நிமிடங்களின் சராசரியையே முதன்மையாகக் கொண்டு, குறுந்துடிப்புகளுக்குத் தனி வரம்பையும் வகுத்துள்ளன. கற்றை சுழன்றுகொண்டே இருப்பதால், ஓரிடத்தின் மீது அது விழுவது ஒரு சுற்றில் முந்நூற்றறுபதில் ஒரு பங்கு நேரம் மட்டுமே. அதே வேளையில், சுழலாமல் நிற்கும் ஆன்டெனாவின் முன்னே பணியாளர் நிற்பது ஆபத்து என்பதையும் இதே கணக்குதான் கூறுகிறது. அச்சத்தையும் அலட்சியத்தையும் ஒருசேர நீக்குவது கணக்கே.

வில்கின்ஸ் அன்று எழுதிய கணக்கு, ஓர் ஆயுதம் இயலாது என்று கூறி, ஒரு பார்வை இயலும் என்று காட்டியது. அதன்பின் வந்த ஒவ்வொரு ராடாரும் அப்பார்வைக்கான செலவை மூன்று எண்களின் பெருக்கமாக ஒப்புவித்து வருகிறது. விளம்பரங்களிலும் செய்திகளிலும் வியப்பூட்டும் உச்ச எண்ணைக் காணும்போது, அது எவ்வளவு நேரம் நீடித்தது, எத்தனை முறை நிகழ்ந்தது என்னும் இரு கேள்விகளை நாம் உடன் கேட்க வேண்டும். அவ்விரண்டும் தெரிந்தால்தான் முதல் எண்ணுக்குப் பொருள் உண்டாகும்.